கபினிக்கரையில் செந்நாய், காவிரியில் நீர்நாய்: பெங்களூர் வாசகர்களின் கேள்விகள்

கேள்வி (அல்சூர்): அண்ணா, கபினி நீர்த்தேக்கத்தில் செந்நாய்க் கூட்டம் ஒரு கடமானைத் தண்ணீருக்குள் விரட்டிவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டது. ஏன் உள்ளே போகவில்லை?

பதில்: அருமையான காட்சி பார்த்திருக்கிறீர்கள். செந்நாய் 12 முதல் 18 கிலோ இருக்கும். வளர்ந்த ஆண் கடமான் 200 கிலோவைத் தாண்டும். அந்த ஆழத்தில் கடமானுக்குக் கால் எட்டும், செந்நாயோ நீந்த வேண்டும். முன்னங்காலால் ஒரு உதை வாங்கினால் விலா எலும்பு போய்விடும். அதனால் காத்திருக்கிறது. குளிரிலும் களைப்பிலும் மான் கரையேறும்போது மொத்தக் கூட்டமும் பாயும். மான் சிறியதாக இருந்தால் நீரில் இறங்கியும் பிடிக்கும்.

புலி பெரிய இரையின் குரல்வளையைக் கவ்வி மூச்சை நிறுத்துகிறது. செந்நாயின் சிறிய உடம்புக்கு அது முடியாது. பின்பக்கத்தையும் வயிற்றையும் கடித்துக் கிழித்து, புலியோ சிறுத்தையோ வந்து பறிப்பதற்குள் வேகமாகத் தின்கிறது. இதைப் பார்த்து 'கொடூர மிருகம்' என்று முத்திரை குத்தி, வெள்ளைக்காரர் காலத்தில் பரிசுப்பணம் கொடுத்துச் சுட்டுக் கொன்றார்கள். இன்று அது அழியும் நிலையில் இருக்கும் இனம். அந்தப் பழி இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையாகவே வேதனை.

கேள்வி (ஜே.பி. நகர்): சார், இரண்டு புலிகள் மோதினால் ஒன்று செத்துத்தான் ஆகுமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மரத்தில் சிறுநீர் பீச்சுவதும் நகத்தால் கீறுவதும் மோதலைத் தவிர்க்கத்தான். மீறிச் சந்தித்தால் உறுமல், பின்னங்காலில் நின்று நாலு அறை, பிறகு ஒன்று விலகிவிடும். எல்லைக்காக ஆண்கள் மோதும்போது சில சமயம் உயிர் போவதுண்டு. தனியாக வேட்டையாடும் விலங்குக்குக் கோரைப்பல் உடைந்தாலே பட்டினிதான், அதனால்தான் இவ்வளவு எச்சரிக்கை.

கேள்வி (மாரத்தஹள்ளி): காவிரிக்கரையில் இருக்கும் பீமேஸ்வரியில் நீர்நாய்கள் மணலில் புரண்டன. விளையாட்டுதானே? என் பையன் அடம்பிடித்துக் கேட்கிறான்.

பதில்: பாதி சரி என்று சொல்லுங்கள். மணலில் புரள்வது மயிரைக் காயவைக்கவும்தான். ஆனால் குட்டிகள் துரத்திக் கடித்துக் கட்டிப் புரள்வது அசல் விளையாட்டு. பெரியவை வரிசையாக நீந்தி மீன்களை ஆழமில்லாத இடத்துக்கு ஓட்டிப் பிடிக்கும். அந்தச் சேர்ந்த வேட்டைக்கு வேண்டிய வேகமும் பிடியும் குட்டிகளுக்கு இந்த விளையாட்டில் பழகலாம் என்று கருதப்படுகிறது.

கேள்வி (கோரமங்களா): கபினிக்கு எப்போது போகலாம்?

பதில்: ஏப்ரல், மே. நீர்மட்டம் இறங்கி, கரையில் புல் முளைத்து, யானைகள் கூட்டம் கூட்டமாக வரும். கன்னத்தில் மதநீர் வழியும் ஆண் யானையைப் பார்த்தால் மட்டும் வண்டியை நெருங்கவிடச் சொல்லி ஓட்டுநரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.