ஒரே பந்தல், பல பிரார்த்தனைகள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களும் ஒரு சமணக் குடும்பமும் இருக்கின்றன. காந்தி நினைவு நாளான ஜனவரி 30 அன்று எல்லோரும் சேர்ந்து பிரார்த்தனை நடத்தலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. "சாமியே வேறு வேறு, அப்புறம் எப்படிச் சேர்ந்து கும்பிடுவது?" என்று சிலர் கேட்கிறார்கள். இது முடியுமா?
— வாசகர், திருச்சி

பதில்: முடியும். ஆனால் எந்த அர்த்தத்தில் "சேர்ந்து" என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். எல்லோரும் ஒரே பிரார்த்தனையை ஒரே குரலில் சொல்வது ஒரு வகை. ஒரே இடத்தில் கூடி, அவரவர் பிரார்த்தனையை அவரவர் சொல்ல, மற்றவர்கள் அமைதியாக உடனிருப்பது இன்னொரு வகை. முதல் வகையில் யாராவது ஒருவர் தாம் நம்பாததை வாயால் சொல்ல நேரும். இரண்டாவது வகையில் அந்தச் சங்கடம் யாருக்கும் வராது.

இதற்கு நல்ல முன்மாதிரி இத்தாலியின் அசிசி நகரில் நடந்தது. 1986 அக்டோபர் 27 அன்று போப் இரண்டாம் ஜான் பால் பல மதத் தலைவர்களை அங்கே அழைத்தார். காலையில் எல்லோரையும் ஓரிடத்தில் வரவேற்றார்கள். அதன்பின் ஒவ்வொரு மதத்தாரும் ஊரின் வெவ்வேறு இடங்களுக்குப் பிரிந்துபோய்த் தத்தம் முறைப்படி பிரார்த்தித்தார்கள். பிற்பகலில் புனித பிரான்சிஸ் பேராலயத்தின் முன் மறுபடி கூடி, ஒருவர் பின் ஒருவராக வேண்டினார்கள். அன்று முழுவதும் உண்ணாநோன்பு. "சேர்ந்து பிரார்த்திக்க வரவில்லை, பிரார்த்திப்பதற்காகச் சேர்ந்து வந்திருக்கிறோம்" என்பதுதான் அன்று அவர்கள் எடுத்த நிலை. அப்படியிருந்தும் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 2011-ல் அதே ஊரில் போப் 16-ஆம் பெனடிக்ட் நடத்திய கூட்டத்தில் மேடைப் பிரார்த்தனையே இல்லை. தனித்தனியாக மௌனமாக இருக்க நேரம் ஒதுக்கினார்கள்.

அபுதாபியில் 2023-ல் திறக்கப்பட்ட ஆபிரகாமியக் குடும்ப இல்லத்திலும் இதே எண்ணத்தைக் காணலாம். மசூதி, தேவாலயம், யூத ஜெபாலயம் மூன்றும் ஒரே வளாகத்தில், ஆனால் தனித்தனிக் கட்டடங்களாக நிற்கின்றன. வளாகம் மட்டுமே பொது.

கேள்வி: எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம் சென்ற ஆண்டு சர்வ சமயப் பிரார்த்தனை நடத்தியது. பாதியிலேயே பலர் எழுந்து போய்விட்டார்கள். எங்கே தவறு நடந்திருக்கும்? எப்படி அமைத்தால் நன்றாக நடக்கும்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: நீளம்தான் முதல் காரணமாக இருக்கும். ஐந்து பேருக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று எழுதிவைப்பார்கள்; மைக் கைக்கு வந்ததும் அது பதினைந்து நிமிடச் சொற்பொழிவாகிவிடும். அழைக்கும்போதே "பிரார்த்தனை மட்டும், உரை வேண்டாம், நான்கு நிமிடம்" என்று சொல்லிவிடுங்கள். ஓத வேண்டியதும் அதன் தமிழாக்கமும் அந்த நான்கு நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். அது போதுமான நேரம்தான். குர்ஆனின் முதல் அத்தியாயமான, ஏழு வசனங்கள் கொண்ட அல்ஃபாத்திஹாவை நிதானமாக ஓதித் தமிழில் பொருள் சொன்னாலும் இரண்டு நிமிடம் ஆகாது. சமணர்களின் நவகார மந்திரம் இன்னும் சிறியது. அதில் எந்தத் தனிமனிதர் பெயரும் வராது. தேவாரத்தில் ஒரு பதிகம் முழுதாக வேண்டாம், ஒரு பாடல் போதும்.

கிறிஸ்தவர்கள் பலரும் வருவார்கள் என்றால் ஒன்றை முன்கூட்டியே கவனியுங்கள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைக் கத்தோலிக்கர் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்குவார்கள், சி.எஸ்.ஐ. சபையார் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்பார்கள். முடிவும் ஒன்றாக இருக்காது. பேசி வைத்துக்கொள்ளாவிட்டால் இரண்டும் மோதி, பாதியில் குரல்கள் தடுமாறும். எந்த வடிவம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

இடம் யாருடைய வழிபாட்டுத் தலமாகவும் இல்லாமல் பொது மண்டபமாகவோ திறந்த மைதானமாகவோ இருந்தால் நல்லது. மேடையின் நடுவில் எந்தத் திருவுருவமும் வேண்டாம். இறந்தவர்களின் நினைவாக நடத்துவதென்றால் படத்தை ஓரமாக வையுங்கள். மலர் தூவ விரும்புகிறவர்கள் அங்கே போய்த் தூவட்டும். படத்துக்கு மாலையிடுவதோ மலர் தூவுவதோ பல இஸ்லாமியருக்கும் சில கிறிஸ்தவருக்கும் ஏற்புடையதல்ல. எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பூத்தட்டை நீட்டினால் அவர்கள் தர்மசங்கடத்தில் நெளிவார்கள்.

நேரமும் முக்கியம். வெள்ளிக்கிழமை மதியமும் ஞாயிறு காலையும் ஒத்துவராது. ஜனவரி இறுதியில் நம் பக்கம் சூரியன் மறைய ஏறக்குறைய 6.15 ஆகும், மறைந்ததும் மஃரிப் தொழுகை. மாலை 5 மணிக்குத் தொடங்கி 5.45-க்கு முடித்தால், பிற்பகல் தொழுகையான அஸரைத் தொழுதுவிட்டு வருகிறவருக்கும் மஃரிப்புக்குத் திரும்புகிறவருக்கும் வசதி. ரமலான் மாதமென்றால் நோன்பு திறக்கும் நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நிகழ்ச்சியை எப்படித் தொடங்குகிறீர்கள், எப்படி முடிக்கிறீர்கள் என்பதிலும் பிசகு நேரலாம். குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கி, தீபாராதனையோடு முடித்து, நடுவில் பைபிளுக்கும் குர்ஆனுக்கும் இடம் கொடுத்தால், அது ஒரு மதத்தின் வழிபாடாகிவிடும். மற்றவர்கள் விருந்தாளிகள் ஆகிவிடுவார்கள். தேவாலயத்தில் நடத்தி ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடித்தாலும் இதே குறைதான். இரண்டு நிமிட மௌனத்தோடு தொடங்குங்கள், அதே மௌனத்தோடு முடியுங்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் கலந்துகொள்ளக்கூடிய பகுதி அதுதான். இடையில் யார் முதலில், யார் அடுத்து என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். ஒருவர் முடித்ததும் கைதட்ட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். தட்டினால் அது கலைநிகழ்ச்சியாகிவிடும், யாருக்கு அதிகக் கைதட்டல் என்ற போட்டியும் வந்துவிடும்.

தொகுப்பாளர் அதிகம் பேசக் கூடாது. "எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது" என்று நல்லெண்ணத்தில் சொல்வார்கள். அது பொதுவான வார்த்தை போலத் தோன்றினாலும், அதுவே ஒரு தத்துவ நிலைப்பாடு. மேடையில் இருக்கும் இமாமோ பாதிரியாரோ அதை ஏற்காமல் இருக்கலாம்; அவர் சார்பில் அதைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. தொகுப்பாளருக்கு இந்த மூன்று வாக்கியம் போதும்: "இப்போது இவர் தம் மரபின்படி வேண்டுவார். விரும்புவோர் உடன் சொல்லலாம். மற்றவர்கள் அமைதியாக இருந்தால் போதும்."

கடைசியாக, ஒரு மதத்திலிருந்து வர ஆள் கிடைக்கவில்லையென்றால் அதன் பிரார்த்தனையை வேறொருவர் படித்து நிரப்ப வேண்டாம். சீக்கியர் யாரும் வராத கூட்டத்தில் அர்தாஸ் பிரார்த்தனையைக் காகிதம் பார்த்து வாசிப்பது வெறும் பட்டியல் நிரப்பல்தான்.

கேள்வி: காந்தியடிகள் எல்லா மதப் பிரார்த்தனையையும் கலந்துதானே நடத்தினார்? அவர் ஆசிரமத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் சொன்னார்கள். நீங்கள் ஏன் பிரிக்கிறீர்கள்?
— வாசகர், மதுரை

பதில்: சொன்னார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பிரார்த்தனைகள் அங்கே எப்படி வந்து சேர்ந்தன என்று பாருங்கள். "நம்யோ ஹோ ரெங்கே கியோ" என்ற மந்திரம், காந்தியின் சேவாகிராம ஆசிரமத்தில் வந்து தங்கிய ஜப்பானிய பௌத்தத் துறவியோடு வந்தது. போர்க்காலத்தில் அரசு அவரைக் கைது செய்த பின்னும் ஆசிரமத்தார் அதை விடவில்லை. ஜரதுஷ்டிரப் பிரார்த்தனை, ஆகாகான் மாளிகைச் சிறையில் காந்தியுடன் இருந்த பார்சி மருத்துவர் டாக்டர் கில்டர் வழியாகச் சேர்ந்தது. கீதையின் இரண்டாம் அத்தியாயத்து ஸ்திதப்பிரக்ஞ சுலோகங்கள், ஈசாவாஸ்ய உபநிடதத்தின் முதல் மந்திரம், அல்ஃபாத்திஹா, பஜனை, ராம நாமப் பாடலான ராமதுன் எல்லாம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்தவர்களின் அன்றாட வழக்கமாக வளர்ந்தவை. மனிதர் முதலில் வந்தார், அவர் பிரார்த்தனை பின்னால் வந்தது. ஒரு மாலை மட்டும் கூடும் நூறு பேரிடம் அதையே எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்றையும் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். 1947-ல் டெல்லி வால்மீகி கோயிலில் அவர் நடத்திய பிரார்த்தனைக் கூட்டத்தில் குர்ஆன் ஓதக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. குர்ஆனை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நடத்த அவர் சம்மதிக்கவில்லை. அன்றைய பிரார்த்தனையையே நிறுத்தினார். எதிர்ப்பவரை மிரட்டி வெளியேற்றுவதையும் அவர் விரும்பவில்லை. உங்கள் சங்கத்திலும் "அந்த ஒரு பகுதி மட்டும் வேண்டாமே" என்று யாராவது மெதுவாகச் சொல்வார்கள். அதற்கு இணங்குவதைவிட நிகழ்ச்சியைத் தள்ளிப்போடுவது எவ்வளவோ மேல்.

கேள்வி: நான் இஸ்லாமியர். அலுவலக விழாக்களில் குத்துவிளக்கு ஏற்றச் சொல்லித் திரியைக் கையில் கொடுக்கிறார்கள். ஆயுதபூஜைப் பிரசாதமும் தருகிறார்கள். மறுத்தால் மனம் நோகுமோ என்று தயக்கம்.
— வாசகர், கோவை

பதில்: விழாவுக்கு முந்தைய நாளே அமைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்: "நான் வருவேன், நிற்பேன், விளக்கு மட்டும் ஏற்ற மாட்டேன்." மேடையில் நான்கு பேர் பார்க்க மறுக்கும்போதுதான் மனம் நோகும், முன்பே தெரிந்தால் திரியை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள். அல்லாஹ் அல்லாத பெயரில் படைக்கப்பட்ட உணவை உண்ணக் கூடாது என்பது குர்ஆனின் கட்டளை. கிறிஸ்தவர்களுக்கும் படையல் உணவு பற்றிப் பவுலின் கொரிந்தியர் நிருபத்தில் அறிவுரை உண்டு. ஆகவே அமைப்பாளர்களுக்கு எங்கள் யோசனை: படைத்த பொரி, சுண்டலைத் தனித் தட்டிலும், படைக்காததை வேறு தட்டிலும் வையுங்கள். எது எது என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். வாழ்த்துச் சொல்ல வருவது, அருகில் நிற்பது பற்றி மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடையே வெவ்வேறு கருத்துகள் உள்ளன. உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டிருக்கிறோம், நாகூருக்கும் போவோம். ஆனால் தோழியின் திருமணத் திருப்பலியில் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்க வரிசையில் நின்றபோது வேண்டாம் என்றார்கள். ஏன்?
— வாசகி, நாகப்பட்டினம்

பதில்: நேர்த்திக்கடன் யாரும் செலுத்தலாம். நாகூர் தர்காவின் உயரமான மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மன். அந்த வாசல் என்றும் திறந்தே இருக்கிறது. நற்கருணை அப்படியல்ல. அது திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்களுக்குரிய அருட்சாதனம், பிரசாதம் போல வந்தவர்க்கெல்லாம் தருவது இல்லை. அந்த நேரத்தில் இருக்கையிலேயே இருக்கலாம், அது அவமரியாதை ஆகாது. சில ஆலயங்களில் கைகளை மார்பில் குறுக்காக வைத்து வரிசையில் போனால் ஆசீர்வாதம் மட்டும் தருவார்கள். அங்கே அந்த வழக்கம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் என் மகளை வேறு மதப் பிரார்த்தனைப் பாடலைப் பாடச் சொல்கிறார்கள். கட்டாயமா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: கட்டாயமில்லை. அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவுப்படி, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் ஒரு மாணவரை மத வழிபாட்டில் பங்கேற்க வைக்க அவரது சம்மதம் வேண்டும். மைனர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிக்கும் இது பொருந்தும். கேரளத்தில் யெகோவா சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்றதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986-ல் உச்ச நீதிமன்றம், நின்றதே போதும் என்று சொல்லி அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: மகள் வரிசையில் வந்து அமைதியாக நிற்பாள், பாட மாட்டாள். தனி அறையில் உட்கார வைக்கும்படி கேட்காதீர்கள். மற்ற பிள்ளைகளிடமிருந்து அவளைப் பிரித்துவிடும்.

கேள்வி: என் கணவர் கத்தோலிக்கர், நான் சைவ வழியில் வந்தவள். மகனுக்கு 5 வயது. இரவில் மூவரும் சேர்ந்து எப்படிப் பிரார்த்திப்பது?
— வாசகி, சென்னை

பதில்: பத்து நிமிடம் போதும். ஒருவர் ஒரு தேவாரப் பாடலைச் சொல்லட்டும், இன்னொருவர் பைபிளின் ஒரு சங்கீதத்தை (திருப்பாடலை) வாசிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும். இரண்டையும் கலந்து புதிதாக ஒன்று எழுத வேண்டாம். பிறகு மூவரும் சேர்ந்து, யாருக்காக வேண்டுகிறோம் என்று பெயர் பெயராகச் சொல்லுங்கள்: காய்ச்சலில் கிடக்கும் பாட்டி, தேர்வு எழுதும் பக்கத்து வீட்டு அக்கா. இந்தப் பகுதியில் இரண்டு மரபுக்கும் சிக்கல் இல்லை. சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

இன்னொன்றையும் இருவரும் மனம் விட்டுப் பேசிவிடுங்கள். ஆலயத்தில் சிறப்பு அனுமதி பெற்று நடந்த திருமணம் என்றால், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வேன் என்று உங்கள் கணவர் வாக்குக் கொடுத்திருப்பார்; அது உங்களுக்கும் தெரிவிக்கப்பட்டிருக்கும். அது பற்றி இருவரும் ஒரு முடிவுக்கு வராமல் இருந்தால், "நான் எந்தச் சாமி?" என்று மகன் கேட்கும் நாளில் அப்பா ஒன்று சொல்வார், அம்மா ஒன்று சொல்வார்.