இந்தியா, பாகிஸ்தான் இரண்டிடமும் அணுகுண்டு இருந்தும் ஏன் மோதல் நிற்கவில்லை?

அணுகுண்டு தடுப்பது முழுப் போரை மட்டும்தான். அதற்குக் கீழே எவ்வளவு தூரம் போகலாம் என்று இரு தரப்பும் ஒன்றையொன்று சோதித்துப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. 1998 மே மாதம் இரண்டும் அணுகுண்டு வெடித்துக் காட்டின; அடுத்த ஆண்டே கார்கில். அப்போது எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற உத்தரவோடுதான் இந்திய விமானப்படை பறந்தது. 2019இல் பாகிஸ்தானின் பாலாகோட்டில் இந்திய விமானங்கள் குண்டு வீசியபோது அந்த வரம்பு போயிற்று. 2025 மே மாதம் பாகிஸ்தானின் விமானத் தளங்களையே இந்தியா தாக்கியது.

குண்டுகளை எண்ணிப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை (2025 ஜனவரியில், ஸ்வீடனின் சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு: இந்தியா 180, பாகிஸ்தான் 170). யார், எப்போது எடுப்பார்கள் என்பதுதான் கேள்வி. இந்தியாவின் 2003 கொள்கைப்படி முதலில் பயன்படுத்த மாட்டோம். ஆனால் இந்திய மண்ணிலோ, எங்கிருந்தாலும் இந்தியப் படை மீதோ அணுகுண்டு விழுந்தால் பதிலடி மிகப் பெரியதாக இருக்கும். முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: ரசாயன, உயிரியல் ஆயுதங்களால் தாக்கினால் அணுகுண்டால் பதிலடி தரும் உரிமையை இந்தியா வைத்துக்கொண்டிருக்கிறது. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற வாக்குறுதியைப் பாகிஸ்தான் தரவில்லை.

சிக்கல் பாகிஸ்தானின் நஸ்ர் ஏவுகணையில் தொடங்குகிறது; சிறு அணுகுண்டைச் சுமக்கக்கூடியது அது. 2011இல் சோதித்தபோது அதன் வீச்சு 60 கி.மீ. பாகிஸ்தானுக்குள் நுழையும் இந்தியக் கவசப் படையை நிறுத்தத்தான் அது. வீச்சு குறைவென்பதால் எல்லைக்கு அருகில் கொண்டுவந்தாக வேண்டும். வந்தால் இந்திய விமானங்களின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். இழப்பதற்குள் ஏவிவிடலாம் என்ற அவசரம் அங்கேதான் பிறக்கிறது. பாகிஸ்தான் தன் மண்ணிலேயே, ஒரு டாங்கிப் படை மீது போட்ட சிறு குண்டுக்கு இந்தியா நகரங்களை அழிக்குமா? அழிக்காது என்று ராவல்பிண்டியில் உள்ள பாகிஸ்தான் ராணுவத் தலைமை கணக்குப் போட்டால் தடுப்பு அங்கே ஓட்டையாகிவிடும். என் பார்வையில் இந்த வட்டாரத்தின் மிக ஆபத்தான ஆயுதம் இந்தச் சின்ன ஏவுகணைதான்.

அடுத்தது விபத்து. 2022 மார்ச் 9 அன்று தவறுதலாகக் கிளம்பிய இந்தியாவின் பிரமோஸ் ஏவுகணை ஒன்று பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. பாகிஸ்தான் சொன்ன கணக்கில் அது எல்லைக்குள் 124 கி.மீ. சென்றது, அந்நாட்டு வான்வெளியில் இருந்தது நான்கு நிமிடத்துக்கும் குறைவு. வெடிபொருள் இல்லை, நல்லவேளை. இந்தியாவின் விளக்கம் மார்ச் 11 அன்றுதான் வந்தது. ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த நான்கு நிமிடத்தில் அதில் என்ன இருக்கிறது என்று எந்த ரேடாரும் சொல்லாது.

சீனாவை விட்டுவிட்டும் பேச முடியாது. இந்தியா அக்னி 5ஐ, 5,000 கி.மீ. வீச்சோடு, பெய்ஜிங்கை மனத்தில் வைத்துக் கட்டுகிறது. இஸ்லாமாபாத் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

ஒப்பந்தங்கள் இல்லாமலில்லை. அணு நிலையங்களின் பட்டியலை 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று மாற்றிக்கொள்கிறார்கள். கார்கிலுக்குப் பிறகும் அது நிற்கவில்லை. 2005 ஒப்பந்தப்படி பாலிஸ்டிக் ஏவுகணை (மேலே எழும்பி வளைந்து விழுவது) சோதனையை மூன்று நாள் முன்பே தெரிவிக்க வேண்டும்; ஏவுதளம் எல்லையிலிருந்து 40 கி.மீ., விழும் இடம் 70 கி.மீ. தள்ளி இருக்க வேண்டும். பிரமோஸ் போல விமானம் மாதிரிப் பறந்து செல்லும் க்ரூஸ் ஏவுகணைகள் மட்டும் இன்னும் அதற்கு வெளியே.