தாதிப் படிப்பை விட்டுவிடவா என்று மகள் கேட்டால்

அன்புள்ள அம்மா,

பட்டர்வொர்த்திலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மகள் தாதிமை டிப்ளோமா இரண்டாம் ஆண்டு. போஸ்டிங் (மருத்துவமனைப் பயிற்சி) முடிந்து வந்தால் யாரிடமும் பேசுவதில்லை, “நான் அங்க வெறும் எடுபிடிம்மா” என்கிறாள். கல்யாண வீட்டில் மாமா ஒருவர் “டாக்டருக்கு மார்க் பத்தலையா?” என்று கேட்டது வேறு. நிறுத்திவிட்டு அக்கவுண்டிங்கில் சேர்க்கலாமா என்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம் அம்மா.

இரண்டாம் ஆண்டு மாணவி வார்டில் விரிப்பு மாற்றுவாள், பிரஷர் பார்ப்பாள், நோயாளியைத் துடைத்துவிடுவாள். அதற்குள் எவ்வளவு அறிவு வேலை செய்கிறது என்பது அவளுக்கே இன்னும் பிடிபட்டிருக்காது. நமக்கெல்லாம் தெரிந்த டிங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் கழித்துக் காய்ச்சல் இறங்கியதும் குடும்பமே நிம்மதியாகிவிடும். ஆனால் ஆபத்துக் கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய, ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். 100/85 என்று காட்டினால், “நூறு இருக்கே” என்று விவரம் தெரியாதவர் நகர்ந்துவிடுவார். இடைவெளி 20-க்கும் கீழே போய்விட்டது, கைகால் சில்லிட்டிருக்கிறது, சிறுநீர் குறைந்துவிட்டது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து உடனே டாக்டரைக் கூப்பிடுபவர் தாதி. டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விடுவார். நள்ளிரவில் கட்டிலருகே நிற்பவர் தாதிதான். மூச்சை முழுசாக ஒரு நிமிடம் எண்ணு என்று சீனியர்கள் உயிரை வாங்குவதும் இதனால்தான். இதயம் நின்றுபோகும் நோயாளிகள் பலருக்கு, பல மணி நேரம் முன்பே மூச்சின் வேகம் மாறிவிடுகிறது.

ஐரோப்பாவில் 9 நாடுகளின் 300 மருத்துவமனைகளில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4 லட்சத்துக்கும் அதிகமானோரின் விவரங்களை தாதிமை ஆய்வாளர் லிண்டா எய்கென் குழுவினர் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பும் 7 விழுக்காடு கூடியிருந்தது. மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்படி தாதியர் வாரியத்தில் பதிந்து, ஆண்டுதோறும் சான்றிதழைப் புதுப்பித்தால்தான் இங்கே மலேசியாவில் தாதியாக வேலை பார்க்க முடியும். மருந்தின் அளவு தவறு என்று தெரிந்தும் கொடுத்துவிட்டு, “டாக்டர்தான் எழுதினார்” என்று ஒதுங்க முடியாது. எடுபிடியிடம் யாரும் இவ்வளவு பொறுப்பை ஒப்படைப்பதில்லை.

மாமா கேட்டபோது நீங்கள் பேசாமல் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மாமாவின் பேச்சைவிட அதுதான் அவளுக்கு அதிகம் வலித்திருக்கும் என்று நினைக்கிறேன். இன்று வந்ததும் “களைப்பா இருக்கா?” என்பதோடு நிறுத்தாமல், “இன்னிக்கு யாருகிட்ட என்ன மாற்றத்தைக் கவனிச்சே?” என்று கேட்டுப் பாருங்கள். முதல் சில நாள் பதில் வராது. விடாமல் கேளுங்கள்.

நோயாளிகள் முன்னால் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அவளைத் திட்டியதாகவும் எழுதியிருந்தீர்கள். கை கழுவாமல் காயத்தைத் தொட்டதற்காகத் திட்டினால் அது பாடம், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். தினமும் ஆளையே மட்டம் தட்டினால் அது வேறு. தேதியோடு எழுதி வைத்து, முதலில் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரிடமும், பலனில்லை என்றால் கல்லூரிக்கு எழுத்து மூலமாகவும் அவளே கொண்டுபோகட்டும். நீங்கள் மருத்துவமனைக்குப் போன் போட வேண்டாம்.

தன்னம்பிக்கை சீக்கிரம் வந்துவிடாது. புதியவர் தொடங்கி வல்லுநர் வரை தாதியர் ஐந்து படிகளில் வளர்கிறார்கள் என்று தாதிமை அறிஞர் பெட்ரிசியா பென்னர் 1984-இல் விளக்கினார். மூன்றாம் படிக்கே ஒரே துறையில் இரண்டு மூன்று வருட வேலை தேவை. உங்கள் மகள் நிற்பது முதல் படியில். பிறகு ஐசியு, டயாலிசிஸ், பிரசவப் பிரிவு என்று போஸ்ட் பேசிக் சிறப்புப் பயிற்சிகள் இருக்கின்றன, வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் படிக்கலாம்.

அடுத்த போஸ்டிங் முடியும்வரை பொறுங்கள். அதன் பிறகும், நோயாளியைத் தொடுவதும் இரவு வேலையும் மனசுக்கு ஒட்டவே இல்லை என்று அவள் சொன்னால், மாறுவதில் எந்த அவமானமும் இல்லை. பாதியில் நின்றாலும் அதுவரை வாங்கிய பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனைக் கட்ட வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு, தேர்வு முடிவுகளோடு அவளையும் அழைத்து வாருங்கள்.