விண்டோஸ் அப்டேட் திரும்பத் திரும்பத் தோற்றுப்போகிறது, புது மென்பொருளும் ஏற மறுக்கிறது. ஃபார்மட் அடிப்பதுதான் ஒரே வழியா?

இல்லை. ஃபார்மட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அதனால்தான் அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களுடையது பழைய டெஸ்க்டாப்பாகத்தான் இருக்கும். கடைக்காரர் யாராவது ஏற்கெனவே "ஃபார்மட் அடிச்சிரலாம்" என்று சொல்லியிருப்பார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புமுன் ஒன்று செய்யுங்கள். இன்று இரவு பிளக்கைக் கழற்றி வையுங்கள். காலையில் மாட்டி ஆன் செய்ததும், திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். முக்கியமாக வருடத்தை.

எனக்குக் கல்லிடைக்குறிச்சி. வீட்டிலிருந்தே அப்பள ஆர்டர் எடுத்து கூரியரில் அனுப்புகிறேன். 2023 டிசம்பர் 17, 18-இல் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் கொட்டிய மழை நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவுக்குள் ஆறு வரவில்லை. ஆனால் மூன்று நாள் கரண்ட் கிடையாது. அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் இத்தனையும். அப்டேட் ஓடும், நின்றுவிடும், 0எக்ஸ்80072எஃப்8எஃப் என்று ஒரு எண் வரும். பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சிவப்பு முக்கோணம். பில் போடும் மென்பொருளைப் புதுப்பிக்கப் போனால் அதுவும் முரண்டு பிடித்தது.

யூடியூபில் சொன்னதையெல்லாம் செய்தேன். அப்டேட் சர்வீஸை நிறுத்தி, அப்டேட் இறங்கும் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்து, கருப்புத் திரையில் கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்களைச் சரிசெய்யும் எஸ்.எஃப்.சி. ஸ்கேன் ஓட்டி... ஒன்றும் நடக்கவில்லை. சென்னையில் இருக்கும் என் மகன் போனில், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாரும்மா" என்றான். அதற்குத்தான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தான்.

கடைசியில் சி.பி.யு.வை அரிசிப் பையில் வைத்து, பஸ்ஸில் ஜங்ஷன் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். பக்கத்தில் ஒருவர் காலடியில் வாழைத்தாரே வைத்திருந்தார், அதற்குக் கேட்கவில்லை! சரி, அது வேறு கதை. கடைப் பையன் போட்டுப் பார்த்தான். "தேதி தப்பா இருந்துச்சுக்கா, மாத்திட்டேன். எதுக்கும் ஃபார்மட் அடிச்சு புது ஓ.எஸ். போட்டுருதேன்" என்றான். "என் கணக்கெல்லாம் இருக்கும்லா?" என்று கேட்டேன். "டி டிரைவ்ல இருக்கதெல்லாம் அப்படியே இருக்கும்க்கா." அறுநூறு ரூபாய்.

திரையில் கண்ணுக்கு நேரே கிடக்கும் ஃபைல்கள் சி டிரைவில் இருக்கின்றன, ஃபார்மட் அடித்தால் அழிவது அந்த டிரைவ்தான் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானூறுக்கு மேல் முகவரி, ஐந்து வருஷம் சேர்த்தது. யாருக்கு மிளகு அப்பளம், யாருக்கு உப்பு குறைவு, எல்லாம் போய்விட்டது. எங்கோ மெஷினில் தட்டியதை "கல்லிடைக்குறிச்சி அப்பளம்" என்று கவரில் அச்சடித்து விற்கிறவர்களுக்கு நடுவில், பிரண்டைச் சாறு விட்டு உளுந்து மாவைப் பிசைந்து ஒவ்வொரு வீடாகப் பிடித்த வாடிக்கை அது. இதைப் பேசினால் எனக்கு நிற்காது, விட்டுவிடுகிறேன்.

கடையில் நன்றாக ஓடிய பெட்டி, வீட்டுக்கு வந்த மறுநாளே பழையபடி ஆகிவிட்டது. போன் போட்டால், "எங்க கடையில ரெண்டு நாள் நல்லா ஓடுச்சேக்கா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

பிடி கிடைத்தது ஒரு பில்லால். மதுரைக்கு அனுப்பிய பார்சலைப் பிரித்த ஒரு பெரியவர் கூப்பிட்டார். "என்னம்மா, பத்து வருஷத்துப் பழைய அப்பளத்தையா அனுப்பியிருக்கே?" பில்லில் 01-01-2014 என்று இருந்ததாம். ஓடிப்போய் மூலையைப் பார்த்தேன். என் கம்ப்யூட்டர் 2014-இல் உட்கார்ந்திருக்கிறது.

மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சீமோஸ் பேட்டரி என்பார்கள். கரண்ட் இல்லாதபோது தேதியையும் நேரத்தையும் அதுதான் காப்பாற்றும். பிளக் மாட்டியே இருந்தால், கம்ப்யூட்டரை அணைத்தாலும் கடிகாரம் கரண்டில் ஓடும், பேட்டரி செத்தது வெளியே தெரியாது. அந்த மழைக்குப் பிறகு எங்கள் அத்தைக்கு இடி என்றால் பயம். "இடி விழுந்தா பொட்டி வெடிச்சிரும்லா" என்று தினமும் ராத்திரி பிளக்கைப் பிடுங்கிவிடுவார். காலையில் பெட்டி 2014-க்குப் போய்விடும். கடையில் யார் பிடுங்கப் போகிறார்கள்?

தேதிக்கும் அப்டேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், அப்டேட் வருகிற சர்வருக்கு ஒரு சான்றிதழ் உண்டு. இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று அதில் இருக்கும். 2014-இல் இருக்கும் பெட்டிக்கு 2023-இல் கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்காத பிள்ளையின் ஆதார் கார்டு மாதிரி. நம்பாது, கதவைச் சாத்திவிடும். பில் மென்பொருளுக்கும் பிரவுசருக்கும் அதே கதைதான்.

"பேட்டரி செத்தால் ஆன் செய்யும்போதே எஃப்1 அழுத்தச் சொல்லியிருக்குமே, கவனிக்கவில்லையா?" என்று ஒருவர் கமெண்டில் வருவார், தெரியும். சொல்லியது. அந்த ஒரு மாதமும் வாசல் தெளிப்பது போலத் தினமும் எஃப்1 அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். கடைப் பையனும் அழுத்தினான், தேதியையும் மாற்றினான், காரணத்தைத்தான் யோசிக்கவில்லை. என்னை மட்டும் கேட்காதீர்கள்.

அம்பையில் வாட்ச் ரிப்பேர் கடையில் நாற்பது ரூபாய்க்குப் புது பேட்டரி வாங்கினேன். சி.ஆர். 2032 என்று கேளுங்கள். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம், பெயரிலேயே அளவு இருக்கிறது. 3 வோல்ட். பிளக்கைக் கழற்றிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி மாட்டினேன். விண்டோஸ் வருமுன் திறக்கும் பயாஸ் திரையில் போய்த் தேதியைச் சரிசெய்தேன். அன்று மத்தியானமே அப்டேட் இறங்கிவிட்டது.

உங்களுக்குத் தேதி சரியாக இருந்தால் என் வைத்தியம் உதவாது. எண் 0070 என்று முடிந்தால் சி டிரைவில் இடம் இல்லை என்று அர்த்தம், அதைக் காலி செய்யுங்கள். இல்லையென்றால் விண்டோஸைப் பழுதுபார்க்கும் டிஸ்ம் (DISM) கட்டளையை முதலில் ஓட்டி, அது முடிந்தபின் எஸ்.எஃப்.சி. ஓட்டுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டதே என்பவர்களுக்கு: என் பெட்டியில் 11 ஏறாது, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்து வைத்திருக்கிறேன்.

முகவரிகளைப் பழைய கூரியர் ரசீதுகளைப் பார்த்து மறுபடி எழுதினேன், இந்தத் தடவை நோட்டிலும். மாதுங்காவில் ஒரு மாமி மட்டும் கிடைக்கவில்லை. இரண்டாம் மாடி, வருஷா வருஷம் கார்த்திகைக்கு இருநூறு சீரக அப்பளம் வாங்குவார். மாமி, இதைப் படித்தால் ஒரு போன் போடுங்கள்.