கோழிப் பண்ணைக் குப்பையை ஆடு மாடுகளுக்குத் தீவனமாகக் கொடுக்கலாமா?

கோழி எச்சமும் தரையில் பரப்பியதும் கலந்த அந்தக் குப்பையை வளர்ந்த மாட்டுக்கு, பக்குவம் செய்து கொடுக்கலாம். செம்மறி ஆட்டுக்கு வேண்டவே வேண்டாம். பக்கத்துப் பண்ணையில் சும்மா கிடைக்கிறது, புண்ணாக்கு விலை கட்டுப்படியாகவில்லை, அதனால் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ‘வாயில்லா ஜீவனுக்குக் கோழிப் பீயையா போடுவாய்’ என்று திட்ட வருபவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்களுக்கு ராசிபுரம் பக்கம். ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கிறோம். கோழி தன் கழிவு நைட்ரஜனை யூரிக் அமிலமாகத்தான் வெளியேற்றும், எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது அதுதான். நமக்கு அதனால் பயனில்லை. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களோ அதைப் புரதமாக மாற்றிக்கொள்ளும். அதற்குக் கூடவே மாவுச்சத்து வேண்டும். எங்கள் ஊரில் ஜவ்வரிசி ஆலைத் திப்பி (மரவள்ளிச் சக்கை) கிடைப்பதால் அப்பா அதைக் கலந்து எருமைக் கிடாரிகளுக்கும் ஓரளவு வளர்ந்த காளைக் கன்றுகளுக்கும் வைப்பார். நன்றாகவே வளர்ந்தன, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அள்ளிக்கொண்டு வந்து அப்படியே போடுவதல்ல அது. குப்பையைச் சலித்து ஆணி, கம்பி, இறகு, செத்த குஞ்சு எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். லேசான ஈரத்தோடு ஆள் உயரத்துக்குக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூன்று வாரத்துக்குக் குறையாமல் விட வேண்டும். உள்ளே 55 முதல் 60 டிகிரி வரை சூடு ஏறினால்தான் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் சாகும். அதற்கு மேல் வெந்து கருகினால் புரதம் செரிக்காது. செத்த குஞ்சு விஷயத்தில் மட்டும் சூட்டை நம்பாதீர்கள். செத்த உடலில் பெருகி நஞ்சு உண்டாக்கும் பொட்டுலிசம் கிருமியின் வித்து இந்தச் சூட்டுக்கு அசையாது. இஸ்ரேலிலும் பிரேசிலிலும் இப்படிக் குப்பை தின்ற மாடுகள் வாதம் வந்து, கால் செயலிழந்து செத்திருக்கின்றன.

தரையில் என்ன பரப்பியிருந்தார்கள் என்றும் கேளுங்கள். கடலைத் தோல் என்றால் பரவாயில்லை. தேங்காய் மஞ்சு (நார்க் கழிவு) என்றால் மாட்டுக்கு அதில் செரிக்க ஒன்றுமில்லை. முட்டைக்கோழிக் கூண்டுக்கு அடியில் அள்ளியதில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம், சினை மாட்டுக்கு வைத்தால் கன்று போட்டதும் பால் காய்ச்சல் (ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்து மாடு படுத்துவிடுவது) வரலாம்.

இனி என் சித்தப்பாவின் ஆடுகள். எல்லாம் மேச்சேரி இனச் செம்மறி. வறட்சியில் மேய்ச்சல் இல்லாமல், எங்கள் குப்பையைத் தவிட்டோடு கலந்து வைத்தார். அப்பா வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. சில மாதம் ஒன்றும் ஆகவில்லை. சந்தைக்கு வண்டியில் ஏற்றி, விலை படியாமல் திருப்பிக்கொண்டு வந்த இரண்டாம் நாள் படுக்க ஆரம்பித்தன. கண் மஞ்சள், மூத்திரம் காப்பி நிறம். டாக்டர் அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகம் கன்னங்கரேலென்று இருந்தது. கோழித் தீவனத்தில் மயில்துத்தம் (தாமிர உப்பு) சேர்ப்பார்கள், அந்தத் தாமிரம் எச்சத்தில் வந்துவிடும். செம்மறியால் அதை வெளியேற்ற முடியாமல் ஈரலிலேயே சேரும்; அலைச்சல், பட்டினி என்று ஏதாவது வந்தால் ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களை உடைக்கும் என்று விளக்கினார். ஊரில் மட்டும் எங்கள் கொட்டகையிலிருந்து கோழி நோய் பரவியது என்றே இன்றுவரை பேசுகிறார்கள். அது நோயே இல்லை, தாமிரம்.

காப்பீடும் கிடைக்கவில்லை. பிரீமியம் வாங்கும்போது வீடு தேடி வந்தார்கள். செத்த பிறகு இரண்டு ஆட்டுக்குக் காதுவில்லை (காப்பீட்டு அடையாளமாகக் காதில் மாட்டுவது) இல்லை என்று மொத்தக் கோப்பையும் திருப்பிவிட்டார்கள். முள்ளுக்குள் மேயும் ஆட்டுக்குக் காதுவில்லை விழாமல் இருக்குமா? மற்ற ஆடுகளின் வில்லை கையில்தானே இருந்தது? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அமெரிக்காவில் அனுமதி இருக்கிறதே என்பார்கள். அங்கேயே மாட்டுப் பைத்திய நோய் பயத்தில் 2004 ஜனவரியில் தடை செய்யப்போவதாக அறிவித்து, பிறகு செய்யாமல் விட்டார்கள். கோழித் தீவனத்தில் போடும், மாட்டிலிருந்து எடுத்த இறைச்சி எலும்புத் தூள் சிந்திக் குப்பையில் கலந்து, அது வழியாக நோய் மாட்டுக்கே வரும் என்பதுதான் பயம். கோழிக்குக் கொடுத்த மருந்தின் மிச்சமும் குப்பையில் உண்டு. அதனால் கறவை மாட்டுக்கு நாங்கள் ஒருநாளும் வைத்ததில்லை, சின்னக் கன்றுக்கும் இல்லை. மற்றதற்குக்கூட மொத்தத் தீவனத்தில் கால் பங்கைத் தாண்ட விடமாட்டோம். விற்பதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுவோம்.

வெள்ளாடு செம்மறியைவிடத் தாமிரத்தைத் தாங்கும். ஆனாலும் இரண்டும் ஒரே பட்டியில் நின்றால் தீவனத் தொட்டியைப் பிரித்து வைக்க உங்களால் முடியாது. அப்படியென்றால் குப்பையை மஞ்சள் காட்டுக்கு உரமாகப் போடுங்கள்.