தேங்காய் ஓட்டில் ஜூலு குடில்: மாதிரிக் கட்டடக் கேள்வி-பதில்

சிறு பொம்மை வீரர்களை வைத்து ஆடும் மேசைப் போர் விளையாட்டுக்காகக் கட்டடங்களைக் கையால் செய்கிறவர்கள் இந்த மாதம் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் கூரையைப் பற்றியவை.

போயர் போர்க்கால (1899–1902) பிளாக்ஹவுஸ், அதாவது ஆங்கிலேயப் படையின் காவல் வீடு ஒன்றை 28 மி.மீ. உயர வீரர்களுக்காகச் செய்கிறேன். பெட்டி அட்டையின் மேல்தாளை உரித்து, உள்ளிருக்கும் நெளியைத் தகரமாக வைத்தேன். எங்கோ இடிக்கிறது. (சாட்ஸ்வொர்த்)

இடிப்பது நெளியின் அகலம். நிஜத் தகரத்தில் ஒரு நெளிக்கும் அடுத்ததற்கும் 76 மி.மீ. இடைவெளி. 1:56 விகிதத்தில் அது 1.4 மி.மீ.தான். பெட்டி அட்டையில் ஆறேழு மி.மீ. இருக்கும், உங்கள் வீரனுக்கு அது ஓரடிக்கும் மேல்! ஹார்டுவேர் கடையில் எம்10 (10 மி.மீ. தடிமன்) மரைக்கம்பி ஒரு துண்டு வாங்குங்கள். அதன் மரை இடைவெளி 1.5 மி.மீ. மெல்லிய அலுமினியத் தட்டின் அடிப்பாகத்தை வெட்டி ரப்பர் விரிப்பில் வைத்து, கம்பியை அழுத்தி உருட்டினால் நெளித்தகரம் தயார். மரை சற்றுச் சாய்வாக ஓடுவதால், உருட்டிய பிறகு நெளியை ஒட்டி ஓரத்தை வெட்டுங்கள். அந்தக் காவல் வீடுகளில் தகரம் இரட்டைச் சுவர், நடுவே சரளைக்கல். ஏறக்குறைய 8,000 கட்டினார்கள் என்பதால், ஒன்று சரியாக வந்தால் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலு படையை ஆங்கிலேயர் எதிர்த்து நின்ற ரோர்க்ஸ் டிரிஃப்ட் மருத்துவமனைக்கு உள்ளறைகள் வேண்டுமா? வெறும் வெளிச்சுவர் போதாதா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

மற்ற கட்டடம் என்றால் போதும் என்பேன். இதற்குப் போதாது. 1879 ஜனவரி 22 மாலை அங்கே நடந்த சண்டையே அறைக்கு அறைதான். அறைகள் பலவற்றுக்கு இடையே கதவு கிடையாது. உள்ளே மாட்டியவர்கள் சுவரைக் குடைந்து ஓட்டை போட்டு நோயாளிகளை இழுத்துக்கொண்டு போனார்கள். தலைக்கு மேலே புல்கூரை எரிந்துகொண்டிருந்தது. ஆகவே கூரை கழன்று வர வேண்டும், உள்சுவர்களில் பிடுங்கி எடுக்கும்படி ஒரு துண்டு இருக்க வேண்டும், அறைக்குள் உங்கள் இரண்டு விரல்கள் நுழைய வேண்டும். இந்த மூன்றாவதை மறந்துதான் என் முதல் மருத்துவமனை வீணாயிற்று. எரிந்த கூரை ஒன்றையும் தனியே செய்துவிடுங்கள்.

அங்கே அரணாக அடுக்கிய சோள மூட்டைகளுக்குப் பாஸ்மதி அரிசி ஒட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். ஒரு மணி, விகிதப்படி, தலையணைகூட ஆகாது. வண்டு வேறு வரும். களிமண்ணில் 15 மி.மீ. நீளத்துக்கு உருட்டி, ஈரமாக இருக்கும்போதே ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்துங்கள். மூட்டை மூட்டைமேல் அமுங்கி உட்கார வேண்டும்.

ஜூலு குடில்களை மலிவாகச் செய்ய வழி? (டோங்காட்)

15 மி.மீ. வீரர்களுக்கு டேபிள் டென்னிஸ் பந்தைப் பாதியாக வெட்டுங்கள். பந்து 40 மி.மீ.; 1:100இல் நான்கு மீட்டர் அகலக் குடில். 28 மி.மீ.க்குச் சிறிய தேங்காய் ஓடு. காவடி முடிந்த வீட்டில் ஓட்டுக்கா பஞ்சம்? பசை தடவி, நறுக்கிய தேங்காய் நாரை மேலிருந்து கீழாகப் படியவிடுங்கள். வாசல் குனிந்து தவழும் உயரம்தான். நிமிர்ந்து நுழையும் கதவு வைத்தால் எல்லாம் கெட்டது. குடில்களை வட்டமாக வையுங்கள், நடுவில் மாட்டுப்பட்டி.

ஸ்ப்ரே பெயின்ட் அடித்ததும் தெர்மோகோல் சுவர் கரைந்துபோனது.

கரைப்பான் தின்றுவிட்டது. முதலில் வெள்ளைப் பசையும் கறுப்புப் பெயின்ட்டும் கலந்து இரண்டு பூச்சு. டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில் மேட் வார்னிஷ் ஸ்ப்ரேயும் வேண்டாம், வெள்ளையாகப் பூத்துவிடும்.

போயர் போரில் சண்டை நடந்த ஸ்பியான் காப் மலையின் மேசைக்கு என்ன கட்டடம் செய்வது? (ஃபீனிக்ஸ்)

உச்சியில் கட்டடம் ஏது? பாறை, தோண்ட முடியாமல் போன ஆழமற்ற பதுங்குகுழி. அந்த நேரத்தை, காயம்பட்டவர்களைத் தூக்கும் டோலிகளுக்குக் கொடுங்கள். காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறக்குறைய 1,100 பேர். முந்நூறு பேர் போக மற்றவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 1900 ஜனவரியில் அந்த மலையிலிருந்து காயம்பட்டவர்களைச் சுமந்தவர்களில் அவர்களும் உண்டு. நான் பார்த்த மேசைகளில் அவர்களைக் காணோம். பல்குச்சி இரண்டு, நான்கு செ.மீ. பழைய வேட்டித் துணி, ஒரு டோலிக்கு நாலு ஆள்.