காரோடு ஃபியோர்டு கடக்க: எந்தப் படகுக்கு முன்பதிவு, எதற்கு வேண்டாம்?

கேள்வி: ஜூலையில் நார்வே போகிறோம். பெர்கனில் வாடகைக் கார் எடுத்து, நான்கு நாளில் கைரங்கர் வரை போவதாகத் திட்டம். எழுபது தாண்டிய அம்மாவும் உடன் வருகிறார். வழியில் வரும் படகுகளுக்கெல்லாம் முன்பே டிக்கெட் எடுக்க வேண்டுமா? ஃப்ளோம் படகில் காரை ஏற்றலாமா?

பதில்: எல்லாவற்றுக்கும் வேண்டாம். அங்கே ஓடும் படகுகள் இரண்டு வகை. ஒன்று, சாலையின் தொடர்ச்சி. ஃபியோர்டு என்பது மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடல். உங்கள் வழியில் குறுக்கிடும் சோக்னஃபியோர்டு 205 கிலோமீட்டர் நீளம், 1,300 மீட்டருக்கும் மேல் ஆழம். சுற்றிப் போனால் பாதி நாள் போய்விடும் என்பதால் வண்டிகள் படகில் ஏறிக் கடக்கின்றன. இதற்குப் பெரும்பாலும் முன்பதிவு இல்லை, வந்த வரிசைப்படி ஏற்றுவார்கள். மற்றது, காட்சிக்காக ஓடுவது. ஜூலையில் இதற்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

முதல் வகையில் டிக்கெட் கவுன்டரைத் தேடி அலைய வேண்டாம். கேமரா உங்கள் வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும். ஆட்டோபாஸ் என்ற நார்வேயின் தானியங்கிக் கட்டண முறையில் கட்டணம் வாடகை நிறுவனத்துக்குப் போய், சில வாரம் கழித்து உங்கள் கார்டில் கழியும். நிறுவனம் தனியாகச் சேவைக் கட்டணம் போடுமா என்று சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோபாஸ் படகுகளில் பணம் வண்டிக்குத்தான், உள்ளே இருப்பவர்களுக்கு இல்லை. ஆறு மீட்டருக்குள் இருக்கும் கார் கீழ்க்கட்டணத்தில் அடங்கும். கேம்பர் வேன் எடுத்தால் நீளத்தைப் பாருங்கள்.

உங்களுக்கு ஏற்ற வழி: பெர்கனிலிருந்து வோஸ், அங்கிருந்து 13ஆம் எண் சாலையில் மலை ஏறி இறங்கி விக், பிறகு வாங்ஸ்னஸ் படகுத்துறை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். படகு வாங்ஸ்னஸ், ஹெல்லா, டிராக்ஸ்விக் என்று மூன்று துறைகளுக்கு இடையே ஓடுவது. தரையில் வரிசைகள் ஊர்வாரியாகப் பிரிந்திருக்கும், ஏற்றுவதும் அந்தக் கணக்கில்தான். நீங்கள் டிராக்ஸ்விக் வரிசையில் நிற்க வேண்டும், சுமார் 25 நிமிடப் பயணம். தவறி ஹெல்லாவில் இறங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. அங்கிருந்து டிராக்ஸ்விக்குக் கடக்கப் பத்து நிமிடம்தான். டிராக்ஸ்விக்கிலிருந்து கவுலார்ஃபியெல் மலைச்சாலை, ஸ்ட்ரின் வழியாக ஹெல்லெசில்ட்.

ஹெல்லெசில்ட்–கைரங்கர் படகு இரண்டாம் வகை. கார் ஏறும், ஆனால் பயணிகளுக்கும் தனிக்கட்டணம் உண்டு. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கைரங்கர் நோக்கிப் போகும்போது ‘ஏழு சகோதரிகள்’ அருவி இடப்பக்கம் வரும், அம்மாவை அந்தப் பக்கம் உட்கார வையுங்கள். பனி உருகும் நீர் என்பதால் ஜூலை முடிய முடிய அருவி மெலியும். மாதத் தொடக்கத்தில் போக முடிந்தால் நல்லது.

ஃப்ளோம்–குட்வாங்கன் மின்படகில் கார் ஏறாது, ஆட்கள் மட்டும்தான். காரைக் குட்வாங்கனில் நிறுத்திவிட்டு, இரண்டு மணி நேரப் படகில் ஃப்ளோம் போய், பேருந்தில் சுரங்கச்சாலை வழியாகத் திரும்பிவிடலாம். அந்தப் படகு கடக்கும் நெரோய்ஃபியோர்டைக் காரோடுதான் பார்க்க வேண்டுமென்றால், கோடையில் மட்டும் ஓடிவந்த குட்வாங்கன்–கௌபாங்கர் கார் படகு இந்த ஆண்டு ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் அதற்கும் முன்பதிவு செய்யுங்கள். நான்கு நாளில் இரண்டு காட்சிப் படகும் கொஞ்சம் நெருக்கடிதான். ஒன்றுதான் முடியும் என்றால் எங்கள் ஓட்டு கைரங்கருக்கு.

நேரத்தை ‘என்டூர்’ செயலியில் பாருங்கள். ஞாயிறு, விடுமுறை நாள் அட்டவணை வேறு. வழிகாட்டும் செயலி சொல்லும் நேரத்தோடு துறைக்கு அரை மணி சேர்த்து வையுங்கள், வெள்ளி மாலை என்றால் இன்னும் கொஞ்சம். கடைசிப் படகு எப்போது என்பதைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அதை விட்டால் பல மணி நேரம் சுற்ற வேண்டும், அல்லது விடியும்வரை அங்கேயே.

ஏறும்போது ஊழியரின் கைச்சைகைப்படி முன் வண்டியை ஒட்டி நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, எஞ்சினை அணையுங்கள். படகு ஆடினால் சில கார்களின் திருட்டு அலாரம் அலறத் தொடங்கும், அதை எப்படி நிறுத்துவது என்று வாடகை நிறுவனத்திடம் முன்பே கேட்டுவையுங்கள். வண்டித்தளத்திலிருந்து மேலே செல்லும் படிகள் செங்குத்தாக இருக்கும். அம்மாவுக்கு லிஃப்ட் தேவை என்பதை நிறுத்துவதற்கு முன்பே ஊழியரிடம் சொல்லுங்கள். வண்டிகள் நெருங்கி நின்றபிறகு கதவைத் திறக்கவே இடம் இருக்காது.